பல் கிளினிக் நாற்காலிக்குப் பயப்பட வேண்டாம்

(தோட்டக் கமிட்டி மாதர் தலைவிகளின் ஞாயிறு கூட்டத்தில் சுகாதாரக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசும் சங்கக் கூட்டத்தில் இன்று நாங்கள் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். எங்களோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்த ஓர் அக்கா இருந்தார். பெயர் சொல்லவில்லை, அவரது பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்கள். அவருடைய கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு புண் வந்தது. "சுண்ணாம்பு கூடிப்போச்சு" என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். புண் ஆறவில்லை. காரம் பட்டால் எரிகிறது என்று சம்பல் இல்லாமல் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று எங்களிடம்தான் கேட்டார். "இப்போ போனா பேர் போகும், தீபாவளி முற்பணம் எடுத்த பிறகு போங்க அக்கா" என்று சொன்னதும் நாங்கள்தான். தீபாவளி முடிந்து போனபோது அவரை மஹரகமைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் கழுத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

அந்தச் சாவு வீட்டில்தான் நாங்கள் முடிவெடுத்தோம். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருடத்துக்கு ஒரு தடவை வாயைக் காட்டிவிட்டு வருவோம் என்று. எங்கள் தோட்டத்திலிருந்து 12 பேர் சேர்ந்து அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போனோம். அங்கே என்ன நடந்தது, நீங்கள் போனால் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். பயம் பாதி தெரியாததால் வருவது. தெரிந்துவிட்டால் அந்தப் பாதி போய்விடும்.

போவதற்கு முன்

அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் இலவசம். காசு கேட்பார்கள் என்று யாரும் பின்வாங்க வேண்டாம். செலவு பஸ் காசுதான். ஆனால் ஒரு நாளைக்குப் பார்க்கக்கூடிய ஆட்களுக்கு அளவு உண்டு. பிந்திப் போனால் நம்பர் முடிந்துவிடும். முதல் பஸ்ஸிலேயே போய்விடுங்கள். எந்த நாளில் கிளினிக் நடக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் அந்த உறையையே காட்டலாம். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பல் பிடுங்குவதென்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பிழை. அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்துப் பல் எடுக்கும்போது பட்டினி கிடக்கத் தேவையில்லை. பட்டினியோடு போனால்தான் மயக்கம் வரும். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குடிக்கும் மருந்தை அன்றைக்கும் வழக்கம்போல் குடியுங்கள்.

பல்லைத் துலக்கிவிட்டுப் போங்கள். வெற்றிலைக் கறை இருக்கிறதே, டொக்டர் ஏசுவாரே என்று சிலர் வெட்கப்படுகிறார்கள். கறையைப் பார்ப்பது அவருக்குப் புதிதல்ல. மறைத்தால் நட்டம் நமக்கு.

முதலில் கேள்விகள்

உள்ளே போனதும் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் கேள்வி கேட்பார்கள். சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா, இதய வருத்தம் உண்டா, இழுப்பு உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்திருக்கிறதா, முன்பு பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் ஓடியதா, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா. வெற்றிலை, புகையிலை, பீடி, சிகரெட், சாராயம் பற்றியும் கேட்பார்கள்.

இது வம்புக்குக் கேட்பதல்ல. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. சீனி கூடியிருந்தால் பல் எடுத்த புண் ஆறப் பிந்தும். இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து குடிப்பவருக்கு இரத்தம் நிற்க நேரமெடுக்கும். அதற்காக அந்த மருந்தை நாமாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. அது அதைவிடப் பெரிய ஆபத்து. குடிக்கிறோம் என்று சொன்னால் போதும், என்ன செய்வது என்று டொக்டர் தீர்மானிப்பார்.

மொழிப் பிரச்சினையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது நம்முடைய உரிமை. கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் வலியோடு நிற்கும் நேரத்தில் தமிழ் தெரிந்தவர் அங்கே இல்லாமலும் போகலாம். அதனால் சிங்களம் தெரிந்த ஒரு பிள்ளையையோ பக்கத்து லயத்துத் தம்பியையோ கூட்டிப் போனால் நல்லது. யாரும் இல்லாவிட்டால் "மகே தத ரிதெனவா" என்று சொல்லி விரலால் இடத்தைக் காட்டுங்கள். என் பல் வலிக்கிறது என்று அர்த்தம். விளங்காமல் எதற்கும் தலையாட்ட வேண்டாம்.

நாற்காலியில்

நாற்காலி பின்னால் சாயும். மேலே ஒரு லைட் எரியும். டொக்டர் கையுறையும் முகக்கவசமும் போட்டிருப்பார். உபகரணங்கள் ஒவ்வொருவருக்கும் பிறகு கழுவி, சூட்டில் கிருமி கொன்று வைக்கப்படுகின்றன.

எங்களில் பலர் நேராகப் பல்லைத்தான் பார்ப்பார் என்று நினைத்தோம். அப்படியல்ல. முதலில் முகத்தைப் பார்த்தார். தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் விரலால் தடவிக் கட்டி உண்டா என்று பார்த்தார். பிறகு உதட்டைப் பிரித்துப் பார்த்தார். சின்னக் கண்ணாடியால் கன்னத்தை விலக்கி உட்பக்கம் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லி, இரண்டு பக்க ஓரங்களையும் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொல்லிக் கீழேயும், அண்ணாக்கையும் பார்த்தார். இதில் எதுவும் வலிக்காது. இதற்குச் சில நிமிடங்கள்தான் பிடிக்கும். அந்தச் சில நிமிடங்கள்தான் எங்கள் அக்காவுக்குக் கிடைக்காமல் போனவை.

அதற்குப் பிறகுதான் பல். மெல்லிய கம்பி போன்ற ஒன்றால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்ப்பார். சூத்தை எங்கே, ஆடும் பல் எது, முரசு வீங்கியிருக்கிறதா, தொட்டால் இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். பார்த்துக்கொண்டே நம்பர் சொல்வார், பக்கத்தில் இருக்கும் மிஸ்ஸி எழுதுவார். அந்த நம்பர்கள் பல்லின் பெயர்தான், பயப்பட ஒன்றுமில்லை. தேவையென்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். பிள்ளை உண்டாகியிருந்தால் அதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

வலித்தால் என்ன செய்வது? பேச முடியாது, வாய் திறந்திருக்கும். கையைத் தூக்குங்கள். உடனே நிறுத்துவார். இதைத் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் சொல்லி வைத்தால் இன்னும் நல்லது.

அன்றைக்கு என்ன செய்வார்கள்

சிலருக்குப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். சிலருக்குப் பல் சுத்தம் செய்வார்கள். பல்லில் ஒட்டிக் கல்லுப்போல் இறுகிய ஊத்தையை பிரஷால் எடுக்க முடியாது. அதிரும் ஒரு கருவியால் தண்ணீர் பீச்சிக்கொண்டே அதை எடுப்பார்கள். கூச்சம் இருக்கும், கொஞ்சம் இரத்தமும் வரும். "பல் சுத்தம் பண்ணினா பல் ஆடிப்போகும்" என்று நம் லயங்களில் சொல்வதுண்டு. உண்மை வேறு. ஊத்தை முரசைத் தின்று பல்லை ஏற்கனவே தளர்த்தியிருக்கும். இடையில் அடைத்திருந்த கல்லை எடுத்ததும் அது நமக்குத் தெரியவரும், அவ்வளவுதான். எடுக்காமல் விட்டால்தான் பல் முழுதாகப் போகும்.

சூத்தை சிறிதென்றால் அடைத்துவிடுவார்கள். அடைக்க முடிந்த பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று நாமே கேட்பது பிழை. மறுபடி வர முடியாது, பேர் போகும் என்ற பயத்தில்தான் அப்படிக் கேட்கிறோம். ஒரு பல் போனால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும், மெல்லுவது கஷ்டமாகும். அடைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

பிடுங்கத்தான் வேண்டும் என்றால் முரசில் ஊசி போடுவார்கள். அந்த ஊசி குத்தும்போது சுருக்கென்று வலிக்கும். பிறகு அந்தப் பக்கம் விறைத்துப் போகும். பல்லை எடுக்கும்போது அமுக்குவது தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் சொல்லுங்கள், இன்னும் மருந்து போடுவார்கள். முகம் வீங்கிச் சீழ் வைத்திருந்தால் முதலில் மருந்து தந்து இன்னொரு நாள் வரச் சொல்லலாம். அது திருப்பி அனுப்புவதல்ல.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல்லின் நரம்பு வேறு, பார்க்கும் நரம்பு வேறு. அப்படிப் பார்வை போகாது.

பிடுங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை இவை. பஞ்சை அரை மணித்தியாலம் இறுக்கிக் கடித்திருங்கள். அன்று முழுக்கக் கொப்பளிக்கவோ எச்சில் துப்பிக்கொண்டே இருக்கவோ கூடாது. காயத்தில் உறைந்த இரத்தம் கழன்றுவிடும். விறைப்பு போகும்வரை சுடச்சுடத் தேத்தண்ணி குடிக்க வேண்டாம், உதடு வெந்தாலும் தெரியாது. வெற்றிலையும் பீடியும் வேண்டாம். மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். இரத்தம் மறுபடி வந்தால் சுத்தமான துணியை மடித்து அரை மணித்தியாலம் கடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல், விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவென்றாலும் வாகனம் கேட்டு எடுத்துப் போக வேண்டும்.

கிளினிக் நாள் வரும்வரை வலியைத் தாங்கப் பனடோல் குடிக்கலாம். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு 2, ஒரு நாளைக்கு 8 குளிசைக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவரும் தினம் சாராயம் குடிப்பவரும் டொக்டரிடம் கேட்டே குடிக்க வேண்டும். முரசின் மேல் ஆஸ்பிரினைப் பொடி செய்து வைப்பது, மண்ணெண்ணெய் வைப்பது எல்லாம் வாயைப் புண்ணாக்கும்.

வெற்றிலை பற்றி

இனி நமக்குக் கசக்கும் விஷயம். குளிரில் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவருக்கும், மழையில் நனைந்து மலையில் நிற்பவருக்கும் வெற்றிலைப் பை ஒரு துணை. பசி மறக்கும், உடம்பு சூடாகும். அதை நாங்களும் அறிவோம். எங்கள் பையிலும் அது இருந்தது. அதனால் யாரையும் குறை சொல்ல வரவில்லை. தெரிந்ததைச் சொல்கிறோம்.

இலங்கையில் ஆண்களுக்கு மிகக் கூடுதலாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை போடும் பெண்களுக்கும் அது வருகிறது. புகையிலை இல்லாமல் போட்டால் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறோம். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். பிள்ளைகள் கடையில் வாங்கும் இனிப்புப் பாக்குப் பக்கெட்டிலும் பாக்குத்தான் இருக்கிறது.

இந்த நோய் திடீரென்று வருவதில்லை. பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை. சிவப்புப் படை. 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண். காரம் பட்டால் வாய் முழுக்க எரிவு. கன்னம் தோல்போல் இறுகி வாய் திறப்பது குறைவது. கழுத்தில் கட்டி. இவற்றில் எதுவும் ஆரம்பத்தில் வலிக்காமல் இருக்கலாம். வலிக்கவில்லை என்பது நல்ல செய்தியல்ல, ஏமாற்றம்.

இதை வீட்டிலேயே மாதம் ஒரு தடவை பார்க்கலாம். வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்து, கழுவிய விரலால் கன்னத்தை விலக்கி, டொக்டர் பார்த்த அதே வரிசையில் பாருங்கள். பிறகு உங்கள் 3 விரல்களைச் சேர்த்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். போகாவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள்.

எங்கள் 12 பேரில் ஒரு தங்கச்சிக்கு வெள்ளைப் படை இருந்தது. அவருக்கு வலியே இல்லை. துளியளவு சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். "சதையில கத்தி பட்டா பரவிடும்" என்று வீட்டில் அழுதார்கள். நாங்கள் இரண்டு பேர் கூடப் போனோம். சோதித்துப் பார்க்காமல் அது என்னவென்று யாருக்கும் தெரியாது. சோதிப்பதால் நோய் உண்டாவதில்லை. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் மாறலாம் என்று முடிவு வந்தது. வெற்றிலையை விட்டார். முதல் வாரம் தலையிடியும் கோபமும் என்று எல்லோரோடும் சண்டை பிடித்தார். இப்போது சொன்ன திகதிக்குச் சொன்ன திகதி கிளினிக்குக்குப் போகிறார். அதே நிரையில் நம்மோடு கொழுந்து எடுக்கிறார்.

பிள்ளைகளும் தாய்மாரும்

பிள்ளை உண்டானவர்கள் பல்லைக் காட்டக் கூடாது என்பது பிழை. அந்தக் காலத்தில் முரசு இலகுவில் வீங்கும். கர்ப்பிணிக் கிளினிக்கிலேயே பல்லைப் பார்க்க அனுப்புவார்கள். தட்டிக் கழிக்க வேண்டாம். வைத்தியம் செய்வதற்கு 4 முதல் 6 மாதம்வரை வசதியான காலம்.

சின்னப் பிள்ளையின் வாயில் சீனி போட்ட பால் போத்தலை வைத்துத் தூங்கப் போடாதீர்கள். பாற்பல் விழத்தானே போகிறது என்று விட்டால், அந்தப் பிள்ளை இரவெல்லாம் அழும், சாப்பிடாது, பாடசாலைக்குப் போகாது. இன்னொன்றை நன்றாக நினைவில் வையுங்கள். 6 வயதளவில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது பாற்பல் அல்ல. ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய பல். அதைப் பாற்பல் என்று நினைத்துச் சூத்தை பிடிக்க விடுகிறோம்.

பாடசாலைப் பல் கிளினிக்குகளில் 13 வயதுவரையான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். உங்கள் பாடசாலைக்கு அந்த வசதி எங்கே இருக்கிறது என்று அதிபரிடம் கேளுங்கள். காலையும் படுக்கப் போகுமுன்னும் ஃபுளோரைட் உள்ள பற்பசையால் துலக்க வைக்க வேண்டும். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசியளவு பசை, அதற்கு மேல் ஒரு பட்டாணியளவு போதும்.

நமக்கும் ஒரு சொல். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேத்தண்ணி குடிப்பதில், ஒவ்வொரு தடவையும் பல் அரிபடுகிறது. சீனியைக் குறைத்து, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்து, பிறகு தண்ணீரால் வாயைக் கொப்பளித்தால் சூத்தை பிடிப்பதைக் குறைக்கலாம்.

சங்கம் செய்ய வேண்டியது

ஆறாத புண்ணோடு அக்கா மலையில் நின்றது அறியாமையால் மட்டுமல்ல. ஒரு நாள் பேர் போனால் கடைக் கடன் கட்ட முடியாது என்பதால். ஆகவே கிளினிக்குக்குப் போங்கள் என்று சொல்வதோடு எங்கள் கடமை முடியவில்லை. நான்கு காரியங்களை இந்தக் கூட்டத்தில் முன்வைக்கிறோம்.

ஒன்று, கிளினிக் துண்டோடு வரும் தொழிலாளிக்கு அன்றைய பேரை வெட்டக் கூடாது என்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டு, நடமாடும் பல் வைத்திய சேவையைத் தோட்டத்துக்கு அனுப்பும்படி பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் காரியாலயத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். மூன்று, தனியாகப் போகப் பயப்படுகிறவர்களைக் கூட்டிப்போக ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர் பொறுப்பெடுக்க வேண்டும். நான்கு, பிள்ளைக் காம்பராவில் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வாய் கழுவிவிடும் பழக்கத்தைக் கொண்டுவர வேண்டும்.

முதல் கோரிக்கைக்கு நிர்வாகம் உடனே சம்மதிக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு நாள் பேர் போனால் அடுத்த மாதம் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் கிளினிக்குக்குப் போய் வந்தார்கள் என்று கேட்போம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கண்ணாடியை எடுத்துப் பாருங்கள். யாராவது "ஆறாத புண் ஒன்று இருக்கிறது, போகட்டுமா" என்று உங்களிடம் கேட்டால், நாங்கள் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள். "நாளைக்கே போவோம், நானும் வாறேன்" என்று சொல்லுங்கள்.